உடைந்தால்தான் சோறு

விருத்தாசலத்தில் காசைப் பற்றிச் சொல்லப்படும் கதை எதுவும் சாதாரணமாக இருக்காது. பழமலைநாதர் கோயில் திருப்பணியை நடத்திய விபசித்து முனிவர், பொழுது சாய்ந்ததும் கூலிக்காரர்களுக்கு வன்னி மரத்து இலையை உருவிக் கொடுப்பாராம். அவரவர் பாடுபட்ட அளவுக்கு அந்த இலை பொற்காசாக மாறும். வேலை நேரத்தில் நிழலில் படுத்திருந்தவனுக்கு இலை இலையாகவே இருந்துவிடும் என்று எங்கள் ஆயா சேர்த்துச் சொல்வாள்.

சுந்தரர் கதை இன்னும் விசேஷம். திருமுதுகுன்றம் எனப்பட்ட எங்கள் ஊர்ச் சிவன் அவருக்கு 12,000 பொன் கொடுத்தார். வழியில் கள்ளர் பயம். மூட்டையை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் போய் எடுத்துக்கொள் என்று உத்தரவு. போடுவதற்கு முன்னால் சுந்தரர் ஒரு துண்டுப் பொன்னை மாதிரிக்கு வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்து உரசிப் பார்த்தால் மாற்று குறைகிறது. விடவில்லை, மறுபடி பாடி, மாற்றை ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று மற்ற ஊர்க்காரர்கள் பழமொழி சொல்வார்கள். எங்கள் ஊரில் அது நடந்த சங்கதி. பணம் அனுப்பினால் அத்தாட்சி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற புத்தி நாயன்மாருக்கே இருந்திருக்கிறது.

இப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்தும் எங்கள் வீட்டில் இலை இலையாகவேதான் இருந்தது. அப்பா செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். சனிக்கிழமை வாரக்கூலி. நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண், சூளை, கையில் தொழில் உள்ள ஆட்கள், பக்கத்திலேயே செராமிக் படிப்புச் சொல்லிக்கொடுக்கும் அரசு நிறுவனம், ஏற்றி அனுப்ப ரயில் ஜங்ஷன் என்று எல்லாம் கூடிவந்த ஊர். கப், சாசர், பொம்மை, உண்டியல், அகல் விளக்கு, கரன்ட் கம்பத்துக்கும் மீட்டர் பெட்டிக்கும் வேண்டிய வெள்ளைப் பீங்கான் சாமான்கள் என்று கம்பெனிக்குக் கம்பெனி ஒன்று செய்வார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு வில்லங்கம் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு கப் உடைந்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். மெட்ராஸில் யாரோ ஒருவர் வீட்டில் ஒரு கப் உடைந்தால் அப்பாவுக்கு அடுத்த வாரம் வேலை இருக்கும். ஊரார் எல்லாரும் அம்மாவைப்போலவே சாமான்களைக் கையாண்டிருந்தால் நாங்கள் பட்டினி கிடந்திருப்போம். பள்ளிக்கூடத்துச் சுவரில் “சிறுதுளி பெருவெள்ளம்” என்று எழுதியிருந்தது. சிறுசேமிப்புக் கட்டுரைப் போட்டியில் நானும் எழுதிப் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். பீங்கான் ஊரில் உடையாத டம்ளரைப் பரிசாகக் கொடுத்தவர்களின் தொலைநோக்கை இப்போது வியக்கிறேன்.

பள்ளி லீவில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது கம்பெனியில் நின்று வேடிக்கை பார்ப்பேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சை ரப்பர் பட்டை போட்டு இறுக்கி வரிசையாக வைத்திருப்பார்கள். அதற்குள் களிமண் கூழை வாய்மட்டும் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, கூழ் ஓரத்தில் தோல் கட்டும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கூழைத் தொட்டியிலேயே கவிழ்த்துவிடுவார்கள். அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான ஒரு பிள்ளையார். இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் தலைமுதல் கால்வரை ஒரு கோடு ஓடும். பெண்கள் உட்கார்ந்து அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைப்பார்கள். சீவிய துகளும் தொட்டிக்கு, கைதவறி உடைந்த பிள்ளையாரும் தொட்டிக்கு. சாயங்காலம் தரையைக் கூட்டி வருவதுகூட வீணாகாது. சூளைக்குள் போகிறவரைக்கும்தான் இந்த மன்னிப்பெல்லாம். 1,200 டிகிரிக்குப் பக்கத்தில் வெந்து வெளியே வந்துவிட்டால் கோணல் கோணல்தான். அது மறுபடி களிமண் ஆகாது.

அப்படிக் கோணலாக வெந்து வந்ததுதான் எங்கள் வீட்டுக்கு வரும். கம்பெனியில் அதற்குப் பெயர் செகண்ட்ஸ். கைப்பிடி சாய்ந்த கப், கிளேஸில் கொப்புளம் விழுந்த சாசர், ஒரு பக்கம் கண் திறக்காத வெங்கடாசலபதி. ஆட்களுக்கு அடிமாட்டு விலைக்குத் தருவார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் நேராக நிற்கிற சாமான் கிடையாது. காப்பி ஊற்றினால் ஒருபக்கம் விளிம்பைத் தொடும், மறுபக்கம் ஒரு விரற்கடை குறையும். நவராத்திரிக்குப் பலகை வைத்து ஏழைக் கொலு வைப்போம். சரஸ்வதிக்கு மூக்கு கொஞ்சம் தெற்கே பார்க்கும். விருந்தாளிக்கென்று குறையில்லாத கப் ஒரு ஜோடி மட்டும் இருந்தது. மூன்றாவது விருந்தாளி வந்தால் எவர்சில்வர் டம்ளர், என் கட்டுரைப் போட்டிப் பரிசு.

நெய்வேலி எங்களுக்குக் கூப்பிடு தூரம். 1962-லிருந்து அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். எங்கள் தலைக்கு மேலே கம்பியில் தமிழ்நாடு முழுக்கப் போகும். வீட்டுக்குள் எங்களுக்கு ஒரே குண்டு பல்பு. கூடத்துக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவில் உள்ள சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, இரண்டு செங்கல்லை எடுத்துவிட்டு அந்தப் பொந்தில் பல்பைத் தொங்கவிட்டிருந்தார் அப்பா. ஒரு பல்பு, இரண்டு அறை. இந்தப் பக்கம் நான் வீட்டுக்கணக்கு எழுதும்போது அந்தப் பக்கம் அம்மா குழம்பைக் கிளறினால், அடுப்பங்கரையின் எதிர்ச்சுவரில் அவள் நிழல் போய்ப்போய் வரும். நிழல் நின்றுவிட்டால் சோறு வடிக்கிறாள் என்று அர்த்தம். ராத்திரி படுக்கும்போது அதை அணைத்துவிட்டு ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்றைப் போடுவோம். ஜீரோ என்று எழுதியிருப்பதால் கரன்ட்டே இழுக்காது என்று தெருவே நம்பியது. அது ஏறக்குறைய 15 வாட்ஸ் இழுக்கும். இன்றைக்கு என் வீட்டுக் கூடத்தை வெளிச்சமாக்கும் எல்.இ.டி. பல்பு 9 வாட்ஸ். அந்தக் காலத்துச் சிக்கனத்தைவிட இந்தக் காலத்து ஆடம்பரம் சிக்கனம்.

கரன்ட் பில் கட்ட நாள் தவறினால் ஆள் வந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போவார். வெள்ளைப் பீங்கானில் விரல் பிடிக்க வாகாகப் பள்ளம் வைத்த கட்டை. அப்பா வாசலில் நின்று அதைப் பார்த்து, “நம்ம ஊரு சரக்குதான்” என்பார். வாரக்கணக்கில் அச்சில் ஃபியூஸ் கட்டை அமுக்கியவரின் வீட்டில் ஒரு ஃபியூஸ் கட்டை இல்லாமல் போகும். கட்டணத்தைக் கட்டி, திரும்ப வாங்கி மாட்டும்வரை அரிக்கேன் விளக்கு. அதற்குக் கிருஷ்ணாயில் ரேஷன் கடையில். அந்த வரிசையில் டின்னை மட்டும் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போகும் கலை என் அம்மாவுக்குத் தெரியும். டின்னுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்துவாள். அதுதான் அந்தக் கலை.

அடுப்புக்கு முந்திரி மிலாறு. எங்கள் பக்கத்து முந்திரிக் காட்டில் ஒடித்த சுள்ளியைக் கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து விற்க வருவார்கள். படபடவென்று எரியும், சட்டென்று அடங்கும். பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். எரிந்து முடிந்தால் சாம்பல் பாத்திரம் தேய்க்க. கொஞ்சம் கனமான கட்டையாக இருந்தால் தண்ணீர் தெளித்து அணைத்து, கரியை எடுத்துவைத்து, இஸ்திரிப் பெட்டிக்கு. அரிசி கழுவிய முதல் தண்ணீர் அடுத்த வீட்டு எருமைக்கு. பதிலுக்கு வாசல் தெளிக்கச் சாணி. இரண்டாம் தண்ணீர் புளி கரைக்க. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு எங்களுக்கு. மிஞ்சினால் அப்பாவின் வேட்டிக்கு மொடமொடப்பு. தேய்ந்த சோப்புச் சில்லைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவைத்துவிடுவாள். பாவாடை தைக்கும்போது கீழே நான்கு விரற்கடை உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லி, வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரிப்பாள். பிரித்த இடத்தில் வெளுக்காத கோடு தெரியும். என் வகுப்பில் எல்லாப் பெண்களின் பாவாடையிலும் அந்தக் கோடு உண்டு. எண்ணினால் எந்த வகுப்பில் தைத்தது என்று சொல்லிவிடலாம்.

கார்த்திகைக்குத்தான் பெரிய அரசியல். அப்பா கம்பெனியிலிருந்து கிளேஸ் போட்ட அகல் கொண்டுவருவார். குயவர் செய்கிற மண் அகல் எண்ணெயைத் தானும் குடிக்கும். அதனால் முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பீங்கான் அகல் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. ஊற்றிய எண்ணெய் முழுக்க திரிக்கே. கழுவித் துடைத்து அடுத்த வருஷத்துக்கும் எடுத்துவைக்கலாம். அம்மாவுக்கு ஏக சந்தோஷம். அப்பா மட்டும் முகம் சுளிப்பார். “எல்லாரும் இப்பிடிக் கழுவிக் கழுவி வச்சிக்கினா அடுத்த வருசம் நாங்க யாருக்குப் பண்றது?” என்பார். அம்மா அவரைப் பார்க்காமலே பதில் சொல்வாள்: “ஊர்ல ஒடைக்கிறவங்க நெறையப் பேரு இருக்காங்க. எங்கூட்ல ஒடையாது.”

இதையெல்லாம் இப்போது எங்கேயாவது சொன்னால், எவ்வளவு இயற்கையான வாழ்க்கை என்று கண்கள் பளபளக்கக் கேட்கிறார்கள். அந்தப் பளபளப்பு எனக்குப் பிடிப்பதில்லை. அந்தச் சிக்கனத்தில் மிச்சமான ஒவ்வொரு காசுக்கும் ஈடாக அம்மா விடியலுக்கு முன்னால் எழுந்து தண்ணீர் பிடித்தாள், மிலாறு தள்ளினாள், மாவாட்டினாள், புகையில் கண்ணைக் கசக்கினாள். அப்பா தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் வீட்டுக் கணக்கு எழுதுவார். பால், மிலாறு, சைக்கிள் பஞ்சர், இதர. அம்மாவின் முதுகுவலி இதரவில்கூட வராது. ஒரு வேலைக்காரிக்குக் கூலி கொடுத்திருந்தால் எங்கள் சிக்கனம் முழுக்க நஷ்டத்தில் முடிந்திருக்கும். அம்மா என்பதால் லாபம்.

அவளுக்கும் ஒரு தனிக் கணக்கு இருந்தது. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். மாதக் கடைசியில் அந்தப் பிடி அரிசிதான் சோறு. கடுகு டப்பாவுக்கு அடியில் கொஞ்சம் சில்லறை. அது இருக்கிற இடம் அப்பாவுக்குத் தெரியும், தெரியாததுபோல் இருப்பார். பீடிக்குக் காசில்லாத நாளில் அடுப்பங்கரைக்குள் தண்ணீர் குடிக்க வருவார். அம்மா டப்பாவை மாற்றிவைப்பாள். மஞ்சள் தூள், பெருங்காயம், வெந்தயம் என்று அந்தப் பணம் வீட்டுக்குள்ளேயே ஊர்சுற்றியது. எங்கள் வீட்டு ரூபாய் நோட்டு எதுவும் அதன் இயல்பான வாசனையில் கடைக்குப் போனதில்லை.

தீபாவளிச் சீட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டால் கணக்கு சரியாகாது. பக்கத்துத் தெருவில் ஒருவர் பிடித்தார். வாரா வாரம் கட்டினால் தீபாவளிக்கு முன்னால் மொத்தமும், கூடவே இனிப்புப் பெட்டியும். அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் கட்டினாள். பண்டிகைக்கு முன்னால் அந்த வீட்டில் பூட்டுத் தொங்கியது. போலீசுக்குப் போனால் சீட்டுக் கட்டியது அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் அம்மா மணவாளநல்லூருக்குப் போனாள். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். யார்மேல் என்ன குறை என்று தாளில் எழுதி முருகனிடம் கொடுத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட வேண்டும். மேல்முறையீடு கிடையாது. பொய்ப் பிராது கொடுத்தால் திருப்பி அடிக்கும் என்று பயம் இருப்பதால் எழுதுகிறவர்கள் தொகையைக் கூட்டி எழுதுவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அந்தக் கோயில் பல நீதிமன்றங்களுக்கு முன்மாதிரி. அம்மாவுக்கு எழுத வராது, நான்தான் எழுதினேன். அசல் எவ்வளவு என்று கேட்டபோது விரல் மடக்கி எண்ணிச் சரியாகச் சொன்னாள். இனிப்புப் பெட்டியையும் சேர்க்கட்டுமா என்றேன். “சாமிகிட்ட அல்பமா கேக்காத” என்றாள்.

அந்த மனிதர் பொங்கலுக்குப் பிறகு வந்தார். பணம் இல்லை, பதிலுக்கு எவர்சில்வர் அண்டா ஒன்றைக் கொடுத்தார். நியாயம் கிடைத்துவிட்டால் கோயிலுக்குப் போய்ப் பிராதை ராஜினாமா செய்ய வேண்டும். அதற்குப் பஸ் செலவு. அண்டா எங்கிருந்து வந்தது என்று அப்பா கேட்டார். பழைய துணி போட்டு வாங்கியதாக அம்மா சொன்னாள். அவ்வளவு பழைய துணி எங்கள் வீட்டில் இருந்ததா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அப்பாவின் சேமிப்பு கௌரவமானது. தபால் ஆபீஸ் முத்திரை குத்தியது. 1988-ல் கிசான் விகாஸ் பத்திரம் வந்தபோது ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பு என்றார்கள். போனஸில் 1,000 ரூபாய்க்கு வாங்கி, பாலிதீன் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். இரட்டித்து வந்தது என் அக்கா கல்யாணத்தில் பந்தல்காரர் கைக்கு நேராகப் போனது. வருஷக்கணக்கில் பைசா பைசாவாகச் சேர்த்து ஒரே பகலில் ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டு அழித்தோம். வாழையிலையில் மிச்சம் வைத்தவர்களை அம்மா அன்றைக்குத் திட்டவில்லை. வடைக்கு வடை சிரித்தாள். அதே பத்திரம் இப்போது இரட்டிக்க 115 மாதம் பிடிக்கிறது. கல்யாணச் செலவு இரட்டிக்க அவ்வளவு நாள் ஆவதில்லை.

அம்மாவின் டப்பாப் பணத்துக்கு மரியாதை வந்தது மகளிர் குழுக்களால்தான். 1989-ல் தருமபுரியில் அரசு தொடங்கி, பிறகு எங்கள் தென்னார்க்காடு மாவட்டத்துக்கும் வந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, பணத்தை எல்லார் கண்முன்னாலும் எண்ணி, நோட்டில் எழுதி, வங்கியில் போட்டார்கள். அம்மா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது அங்கேதான். முதல் கடன் வாங்கியதும் அவள் செய்த காரியம், கேஸ் அடுப்பு வாங்கியது. மிலாறுக்காரம்மா வாசலில் வந்து, “இனிமே வேணாமா?” என்று கேட்டபோது, பேச்சுக்கு ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். அது தோட்டத்தில் மக்கும்வரை கிடந்தது.

இப்போது நான் சென்னையில் குடித்தனம். அம்மா விருத்தாசலத்தில் தம்பி வீட்டில். வருஷத்தில் கொஞ்ச நாள் என்னோடு. நாங்களும் சிக்கனக்காரர்கள்தான், கருவிகள்தான் வேறு. எல்லா அறையிலும் எல்.இ.டி. குளிர்சாதனப் பெட்டியில் ஐந்து நட்சத்திரம். ஏ.சி.யிலும் ஐந்து நட்சத்திரம். இரண்டு ஏ.சி. ஆக, மொத்தம் பதினைந்து நட்சத்திரம். இவ்வளவு நட்சத்திரமும் கூடி மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

அந்த 500 என்பது லேசுப்பட்ட எல்லை இல்லை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். அப்போது 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாயாக இருந்தது. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அதே நூறு யூனிட்டும் தலா 4.50 ஆனது. ஆக, 501-ஆவது யூனிட்டின் விலை பட்டியலில் 8 ரூபாயாக இருந்தது. நிஜத்தில் 233 ரூபாய். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து என் கணவர் மீட்டர் பார்க்கும் வாரத்தில் வேறு மனிதராகிவிடுவார். டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து, “நாப்பது யூனிட்தான் பாக்கி” என்று அறிவிப்பார். உடனே எல்லாரும் ஒரே அறையில் ஒரே ஏ.சி.யில் படுக்க வேண்டும். அம்மா வந்திருந்த சமயம் இது நடந்தது. பாயை விரித்துக்கொண்டே, “செவத்துல ஒரு பொந்து போட்டா ரெண்டு ரூமுக்கும் ஜில்லுனு வருமே” என்றாள். அவர் கொஞ்ச நேரம் சுவரைத் தீவிரமாகப் பார்த்தார்.

சூப்பர் மார்க்கெட்டுக்கு அம்மாவைக் கூட்டிப்போனது தப்பில்லை, பில்லை அவள் கையில் கொடுத்தது வேலையைக் கெடுத்தது. குழுவில் கற்ற எழுத்தைக் கூட்டிக் கூட்டி அடிவரைக்கும் படித்தாள். “212 ரூவா மிச்சம்னு போட்டிருக்கானே, எங்க அந்தக் காசு?” என்றாள். அது தள்ளுபடி, நாம் கொடுக்காமல் விட்ட பணம் என்று விளக்கினேன். “குடுக்காத காச எதுல போட்டு வைக்கிறது?” என்று கேட்டாள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதற்காக நான் எடுத்திருந்த இரண்டு ஷாம்பூவையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. அவையும் அதே திட்டத்தில் வந்தவை. பிடி அரிசிப் பானையில் கையைவிட்டால் அரிசி வரும். என் செல்போனில் கேஷ்பேக் என்று சுரண்டினால், அடுத்த முறை விமானத்தில் போனால் தள்ளுபடி என்று வருகிறது. விமானத்தில் போகாமல் இருப்பதால் எவ்வளவு மிச்சமாகிறது என்று அது சொல்வதில்லை.

ஆனாலும் ரத்தத்தில் உள்ளது போகுமா? வீட்டுக்கு வரவழைக்கும் பிரியாணி வந்த கறுப்பு டப்பாவை ஒருவரும் எறிவதில்லை. கழுவிக் கவிழ்த்து, மூடியைத் தனியாக, டப்பாவைத் தனியாக அடுக்கி வைக்கிறோம். என் அடுப்பங்கரையின் மேல்தட்டு முழுக்க அதுதான். எந்த மூடியும் எந்த டப்பாவுக்கும் பொருந்தாது. பீங்கான் ஜாடியில் ஊறுகாய் போட்ட காலத்தில் ஜாடி வாங்கக் காசு சேர்த்தோம். இப்போது டப்பா சும்மா வருகிறது, அதில் போட்டு வைக்க எதுவும் செய்வதில்லை.

ஊரில் அம்மாவின் பொருளாதாரம் என்னுடையதைவிடத் திடமாக இருக்கிறது. 2021-லிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கொளஞ்சியப்பரை இப்போது பிராது இல்லாமலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை அவள் கணக்கில் விழுகிறது. வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குமேல் மின்சாரம் ஓட்டும் வீட்டுக்கு அது கிடையாது என்று நிபந்தனை. அதைக் கேட்டதிலிருந்து தம்பி வீட்டில் ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால் அம்மா பேசுகிற பேச்சுக்கு அரசாங்கத்தின் பக்கபலமும் சேர்ந்துவிட்டது. பணத்தை எடுத்துக் கடுகு டப்பாவில்தான் வைக்கிறாள். இடம் மாற்றுவதில்லை, தேடி வருகிறவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

தொழிற்பேட்டைப் பக்கம் போனமுறை போயிருந்தேன். அகல் விளக்கும் பொம்மையும் இன்னும் செய்கிறார்கள். கார்த்திகைக்கு முன்னால் வேலை மும்முரம். ஃபியூஸ் கட்டைக்குத்தான் கேட்பாரில்லை. எல்லா வீட்டிலும் எம்.சி.பி. வந்துவிட்டது. கரன்ட் கூடினால் தானே கீழே விழும், விரலால் மேலே தள்ளினால் போதும். கம்பி வேண்டாம், கட்டை வேண்டாம், உடையவும் உடையாது. ஜாடிக்குப் பதில் பிளாஸ்டிக், கப்புக்குப் பதில் காகிதக் கப். ஒன்று உடையாது, இன்னொன்றை உடைப்பதற்குள் எறிந்துவிடலாம். எந்த வகையில் பார்த்தாலும் எங்கள் ஊருக்கு நஷ்டம். அப்பா இருந்திருந்தால், அம்மாவின் கட்சி நாடு முழுக்க ஜெயித்துவிட்டது என்று சொல்லியிருப்பார்.

போன மாதம் என் மகள் இணையத்தில் ஒரு காப்பிக் கப் வாங்கினாள். வைக்கோல் போட்ட பெட்டிக்குள், பழுப்புக் காகிதத்துக்குள், நூல் கட்டி வந்தது. அம்மா அப்போது என் வீட்டில்தான் இருந்தாள். எடுத்துக் கவிழ்த்தாள். அடியில் கிளேஸ் துடைத்த வட்டத்தைக் கட்டைவிரலால் தடவினாள். நகத்தால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டாள்.

“விரிசல் இல்ல. சத்தம் சுத்தமாத்தான் இருக்கு. ஆனா சூளையில சாஞ்சிருக்குடி. கைப்பிடியப் பாரு, கெழக்க போவுது. இது செகண்ட்ஸ். ஒன்ன ஏமாத்திட்டான்.”

“இல்ல ஆயா, கையால செஞ்சது. அந்தக் கோணல்தான் அழகே. அதுக்குத்தான் காசு.”

“கோணலுக்கா? எவ்ளோ குடுத்த?”

“650.”

அம்மா கப்பை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். அது லேசாக ஆடி நின்றது.

“டசனா?”

“ஒண்ணு, ஆயா.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான் என்பதால் என்மேல் அவளுக்கு இன்னும் கொஞ்சம் நம்பிக்கை உண்டு.

“அந்தக் கடைக்காரன் நம்பர வாங்கு. நம்மூட்டுப் பரண்மேல ஒரு கூடை கெடக்குது.”